துணைக் குரைப்பான் ஒன்று

பாடாலூர் மலர்கொடி தன் வீட்டுக்கு ஒரு சப் வூஃபர் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் இருபத்தைந்து நிமிடம். அதே சப் வூஃபரைத் தேர்ந்தெடுக்க இருமாவட்டச் சிற்றூழியர் கூட்டுறவுப் பொருள் வழங்கு சங்கம் எடுத்துக்கொண்ட காலம் பதினோரு மாதம். மலர்கொடி எட்டாவது வரை படித்துவிட்டுப் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள். சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களோ ஆளுக்கு இரண்டு பட்டம் வாங்கியவர்கள். அவ்வளவு படித்தவர்கள் இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு காரியத்தை முடித்தால் படித்த படிப்புக்கு என்ன மரியாதை?

மலர்கொடியின் புருஷன் முருகையன் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் பாறையில் குழி போடும் மெஷினைப் பிடித்தவன். அந்த மெஷின் அவனுடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மெஷின் எந்நேரமும் விசில் அடித்தது. அதைக் கழற்றி வைத்தவன் மறுபடி மாட்டவில்லை. ஊரில் எந்தப் புதுப்படம் வந்தாலும் முதல் நாளே போய் விசில் அடித்துவிட்டு வந்த மனுஷன், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து வாயசைவதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் அதையும் நிறுத்திக்கொண்டான். சோறு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்கமாட்டான். மலர்கொடிக்கு அதுதான் பயமாக இருந்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் செட்டிகுளம் போகிற மினி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். கடைசி சீட்டுக்கு அடியில் டிரைவர் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்திருந்தார். முருகையன் போய் அந்த சீட்டில் உட்கார்ந்தான். பஸ் கிளம்பி இரண்டு நிமிடம் இருக்காது, அவன் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். பாட்டு மாறியதும் தாளமும் மாறியது. காது கேட்காத மனுஷன் சரியான தாளம் போடுகிறானே என்று பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "மலரு, இந்தப் பஸ்ஸு பாடுதுடி!" என்று கத்தினான். காது போனதிலிருந்து அவனுக்கு ரகசியம் பேசுவதென்றால் என்னவென்றே தெரியாது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறுத்து, போய்த் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மலர்கொடி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

வீட்டில் ஹோம் தியேட்டர் என்று ஒன்று ஏற்கெனவே பாதி இருந்தது. திருப்பூருக்குக் குடிபோன எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு சின்ன ஸ்பீக்கரையும் ஒரு சுருள் வயரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரையில் வைக்கிற பெரிய பெட்டிதான் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பெயர் சப் வூஃபர் என்று மினி பஸ் டிரைவர் சொன்னார்.

மறுநாளே புருஷனை அழைத்துக்கொண்டு பெரம்பலூர் துறையூர் ரோட்டில் இருந்த ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரி தனம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"அக்கா, பெட்டி மேல அச்சடிச்சிருக்குற வாட்ஸை நம்பாதீங்க. பத்தாயிரம் வாட்ஸுன்னு போட்டிருப்பான். நம்ம மிக்ஸி இழுக்குற கரண்ட்டுகூட இழுக்காது. உங்க ரூமு எவ்ளோ?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"எட்டு இஞ்சு போதும். மரப்பெட்டியா பாருங்க, பிளாஸ்டிக் வேணாம். வூட்டுல மூலையில வெச்சுக்குங்க. மூலையில வெச்சாலே சத்தம் தானா கூடும். அதுக்குத் தனியா காசு கிடையாது."

மலர்கொடி மண்சட்டி வாங்குகிற மாதிரி ஒவ்வொரு பெட்டியையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள். முருகையனைச் செருப்பைக் கழற்றச் சொல்லித் தரையில் உட்கார வைத்தார்கள். முதல் பெட்டியில் கலர் கலராக லைட் எரிந்தது. அவன் லைட்டைப் பார்த்தான். இரண்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பெட்டி பாட ஆரம்பித்ததும் அவனுடைய கால் கட்டைவிரல் அசைந்தது. அப்புறம் முழங்கால். அப்புறம், "மலரு! இதான்! வவுத்துக்குள்ள வந்து பாடுறான்!" என்று அவன் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன டூவீலர்கள் நின்றன. விலை ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். நான்காவது பெட்டியை யாரும் தொடவில்லை.

கையில் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் சங்கத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்த சந்தா. அதைப் பணமாகத் தரமாட்டார்கள், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு வீட்டு உபயோகப் பொருளாகத் தருவார்கள். அவள் பணத்தில் அவளுக்கே பொருள் வாங்கிக் கொடுப்பதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நல உதவி'.

இந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் தொடங்கிய சங்கம் இது. மாவட்டம் பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் சங்கத்தில் பாகப்பிரிவினை நடந்தது. கடைசிப் பாகப்பிரிவினையில் ரப்பர் சீல் பெரம்பலூருக்கும், அதைத் தொட்டுக் குத்துகிற மைப்பெட்டி அரியலூருக்கும் போய்விட்டன. இன்றைக்கு வரைக்கும் ஒரு காகிதத்தில் சீல் விழ வேண்டும் என்றால் சீல் பஸ் ஏறி அரியலூர் போகும், குத்திக்கொண்டு திரும்பி வரும். இன்னொரு மைப்பெட்டி வாங்கினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று அர்த்தம்.

பெரம்பலூர் அலுவலகத்தில் செயலாளர் குருமூர்த்தி மலர்கொடியின் மனுவை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை, உள்ளாக ஒரு தடவை படித்தார்.

"சப் வூஃபர்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"மெயின் வூஃபர் எங்கம்மா?"

மலர்கொடிக்குப் புரியவில்லை. "இது ஒண்ணுதான் சார்."

"அதெப்படிம்மா ஒண்ணா இருக்கும்? சப்-இன்ஸ்பெக்டருக்கு மேல இன்ஸ்பெக்டர்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா? சப்-கலெக்டருக்கு மேல கலெக்டர். சப்-ரிஜிஸ்தரார்னா ரிஜிஸ்தரார். நானே இருக்கேன், எனக்கு மேல தலைவர் இருக்காரு. மேல ஆளே இல்லாம கீழ ஆளை மட்டும் கொண்டாந்து உக்கார வெச்சா, அது யார் பேச்சைக் கேக்கும்?"

"என் பேச்சைக் கேக்கும் சார். ரிமோட்டு இருக்கு."

குருமூர்த்தி இப்படிப்பட்ட பதிலை நாற்பது வருட சர்வீஸில் கேட்டதில்லை. பேனாவை மூடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகையன் மனைவியின் பக்கம் சாய்ந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இந்தாளு ஏன் மலரு வேப்பெண்ணெ குடிச்ச மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கான்?" என்று கேட்டான். கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள்கூட மேலே பார்த்தார்கள்.

அதற்காகவோ என்னவோ, உடனே ஒரு சான்று கேட்கப்பட்டது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் மலர்கொடி எழுதிக் கொடுத்தாள்: 'எனது இல்லத்தில் மெயின் வூஃபர் எதுவும் தற்போது பணியில் இல்லை என்றும், பிற்காலத்தில் மெயின் வூஃபர் வந்து சேரும் பட்சத்தில் சப் வூஃபர் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்றும் உறுதி கூறுகிறேன்.' சீல் அரியலூர் போய் வந்தது. முதல் இரண்டு மாதம் அதில் கழிந்தது.

அடுத்து ஒலித்தர ஆய்வுக் குழு கூடியது. ஐந்து பேர். ஒருவர் உரக்கிடங்கில் எடை போட்டவர், அதனால் குழுவுக்கு அவர்தான் தொழில்நுட்ப ஆலோசகர். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி வரச் சொன்னார்கள். அவள் வாங்கி வந்தாள். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "கிலோ என்ன விலை?" என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்ததில் தனம் கடை மரப்பெட்டி கனமாக இருந்ததால் கிலோ விலை மலிவாக வந்தது. அது நல்லதாயிற்றே என்று அவள் நினைத்தாள். கனமான பொருள் என்றால் ஏற்றிவிடும் கூலி கேட்பார்கள் என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். லைட் எரிகிற பிளாஸ்டிக் பெட்டியில் பன்னிரண்டாயிரம் வாட்ஸ் என்று போட்டிருப்பதை இன்னொருவர் சுட்டிக்காட்டினார்.

"அது சும்மா அச்சுங்க சார். கடைக்கார அம்மாவே சொன்னாங்க," என்றாள் மலர்கொடி.

"அச்சுல வந்ததை நம்பாம, வாயால சொன்னதை நம்பச் சொல்றியாம்மா? அப்புறம் ஆபீஸ் எப்படி நடக்கும்?" என்று உரக்கிடங்குக்காரர் கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததால் குழு எழுந்து டீ குடிக்கப் போனது.

டீ குடித்துவிட்டு வந்த இடத்தில்தான் முருகையனின் காது மாட்டிக்கொண்டது. மனுவில் 'காது கேளாத கணவரின் பயன்பாட்டுக்கு' என்று அவள் நேர்மையாக எழுதித் தொலைத்திருந்தாள். குருமூர்த்தி எழுந்து நின்று, குழுவுக்கு விளக்கினார்.

"அன்பர்களே! காது கேட்காதவருக்கு ஸ்பீக்கர் எதுக்கு? உபயோகம் இல்லாத பொருளை நல உதவியா கொடுக்க விதி இல்ல. ஆகவே, காது கேக்கும்னு அவர் டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாரணும். அப்படிக் கொண்டாந்துட்டா, காது கேளாத கணவர்னு மனுவுல பொய்த் தகவல் கொடுத்ததா ஆவும். அதுக்கும் விதி இருக்கு. இந்தச் சங்கம் உறுப்பினர் பணத்தைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்துது. அப்படிக் காப்பாத்துறதாலதான் யாருக்கும் குடுக்க முடியல!"

கைதட்டினார்கள். முருகையன் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்டினான். மலர்கொடி ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே அடுப்பில் பொங்கிப் போடுகிறவள். பொறுமையாக, காது வழியாக இல்லாமல் கால் வழியாக, முதுகு வழியாகச் சத்தம் ஏறும் என்று சொன்னாள். அது சங்கத்தின் விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இல்லாததால் தடையும் இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். 'உடல்வழிக் கேள்வி' என்று குறிப்பு எழுதி அரியலூருக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையில் முருகையன் வீட்டில் அறை மூலையை ஒழித்து, சிமென்ட் பூசித் தரையைச் சமப்படுத்தி வைத்திருந்தான். தினமும் பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும்போது வாசலில் நின்று அவள் கையைப் பார்ப்பான். "பொட்டி வந்துருச்சா?" ஐந்தாவது மாதம் வரைக்கும் கேட்டான். ஆறாவது மாதம் கேட்பதை நிறுத்திவிட்டான். மறுபடி சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான். தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. பாவிகளா, ஒரு பெட்டி வாங்க இத்தனை பேர் சேர்ந்து ஒரு மனுஷனைச் சாகடிக்கிறீர்களே என்று அவள் அரிசி களைந்துகொண்டே திட்டுவாள். திட்டிவிட்டு மறுபடி பஸ் ஏறுவாள்.

அரியலூர் அலுவலகத்துக்குச் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே போய்ச் சேர வேண்டும். அங்கே தமிழாக்கப் பிரிவு இருந்தது. கோப்பில் ஒரு ஆங்கில வார்த்தையும் இருக்கக்கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தைக் காவல் காப்பவர் ராஜராஜன். பெயருக்கு ஏற்ற மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மேஜையில் 'டிராஃப்ட்' என்று எழுதி அடித்து 'வரைவு' என்று எழுதிய காகிதங்கள் மலையாகக் கிடந்தன. மைப்பெட்டி அவருடைய பூட்டிய டிராயரில் இருந்தது.

"சப் வூஃபர்! ரெண்டு வார்த்தையும் வேத்து மொழி. பாத்தீங்களா கொடுமையை? எத்தனை மாசமா இந்தக் கோப்பு இப்படி அசிங்கமா சுத்திட்டு வந்திருக்கு!"

"எப்படியாவது மாத்திக் குடுங்க சார். சீக்கிரமா."

"சீக்கிரமா செய்யறதுக்கு இது என்னம்மா சாம்பாரா? மொதல்ல 'சப்'. சப்-ரிஜிஸ்தராரை சார்பதிவாளர்னு சொல்றோம். அந்தக் கணக்குல 'சார் வூஃபர்'னு போடலாம். ஆனா பெரம்பலூர்ல படிக்கிறவனுக்கு 'சார்'னு கண்ணுல பட்டதும் எந்திரிச்சு நின்னுடுவான். அப்புறம் கோப்பு நகராது. 'உதவி'ன்னு போடலாம். ஆனா நல உதவி, உதவி வூஃபர்னு ரெண்டு உதவி வருது. ஒரு மனுவுக்கு ஒரு உதவிதான். ஆக, 'துணை'."

'துணை' என்று முடிவாக இரண்டு மாதம் ஆயிற்று. 'வூஃபர்' அதைவிடக் கஷ்டம். மூன்று அகராதி வரவழைத்தார். ஒரு அகராதியில் 'வூஃப்' என்றால் நெசவில் குறுக்கே ஓடுகிற நூல் என்று இருந்தது. தறி ஓட்டுகிற ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்கள் என்றால் அதைத்தான் போட்டிருப்பார்கள். ராஜராஜன் இன்னும் ஆழமாகப் போனார். இன்னொரு அகராதியில், 'வூஃப்: நாய் குரைக்கும் ஒலி' என்று இருந்தது. அவர் மேஜையைத் தட்டினார்.

"வூஃப்னா குரைப்பு. வூஃபர்னா குரைப்பான்! துணைக் குரைப்பான்! எப்படி இருக்கு?"

மலர்கொடி வாயைத் திறப்பதற்குள் முருகையன் அவள் தோளைத் தட்டி, "இவரு ரொம்ப நேரமா வாயை மூடவே இல்லியே மலரு, பல்லு வலியா?" என்று அக்கறையாக விசாரித்தான். அவனுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"சார், நாய்னு நெனச்சுக்கப் போறாங்க சார்," என்றாள் மலர்கொடி.

ராஜராஜன் சிரித்தார். "படிச்சவங்க படிக்கிற கோப்பும்மா இது. நாங்க என்ன முட்டாளுங்களா?"

டிராயரைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து, அன்றைக்கு பஸ்ஸில் வந்திருந்த சீலால் 'துணைக் குரைப்பான் – ஒன்று' என்ற எழுத்தின் மேலேயே ஓங்கிக் குத்தினார். கோப்பில் வேறு எந்த இடத்திலும் சப் வூஃபர் என்ற வார்த்தை இருக்கக்கூடாது என்பதால், பழைய பக்கங்கள் எல்லாவற்றையும், தனம் கொடுத்த விலைப்புள்ளி உட்பட, எடுத்து அழித்துவிட்டார். கோப்பு சுத்தமாயிற்று.

பத்தாவது மாதம் பெரம்பலூரில் இறுதிக் கூட்டம். இந்தத் தடவை தலைவர் தர்மனே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் நான்கு பேனா, எதிலும் மை கிடையாது என்று ஆபீஸில் பேச்சு. அவர் கோப்பைத் திறந்து உரக்க வாசித்தார்.

"துணைக் குரைப்பான் ஒன்று. நல்லது. தடுப்பூசி போட்டதா இருக்கணும்னு நிபந்தனை சேத்துக்குங்க."

மலர்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, நான் கேட்டது பாட்டு கேக்குற பொட்டிங்க. நாய் இல்லீங்க!"

தர்மன் கோப்பைத் திருப்பி அவளிடம் காட்டினார். "இதுல பொட்டின்னு எங்கம்மா இருக்கு? குரைப்பான்னு இருக்கு. ஒலகத்துல குரைக்கிறது எது? நாய். துணைன்னு இருக்கு. எதுக்குத் துணை? வூட்டுக்குத் துணை. காது கேக்காத மனுஷன், வாசல்ல திருடன் வந்தாத் தெரியாது. அதுக்குத் துணை. எவ்வளவு அழகா பொருந்துது! இத்தனை வருஷத்துல இவ்வளவு பொருத்தமா ஒரு கோப்பு எங்கிட்ட வந்ததே இல்ல."

"சார், உங்களுக்குத் தெரியும்ல? பாட்டுப் பொட்டின்னு சொல்லுங்க சார்!" என்று குருமூர்த்தியிடம் திரும்பினாள். மெயின் வூஃபர் எங்கே என்று கேட்ட அதே குருமூர்த்தி.

"எனக்குத் தெரியும்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சது கோப்புல இல்லியே. கோப்புல இருக்கறதுதான் எனக்குத் தெரிஞ்சதா இருக்கணும். அதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன்," என்றார் அவர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிகூட வெட்கம் இல்லை.

"பொட்டியும் வேணும்னா குடுத்துருவோம்," என்றார் தர்மன் தாராளமாக. "நாய் படுக்கறதுக்கு."

வேண்டாம் என்றால் அதற்கு 'பொருள் மறுத்தல்' என்று பெயர். ஐந்து வருடத்துக்கு எந்த உதவியும் கிடையாது. மாற்றி எழுத வேண்டும் என்றால் முதலிலிருந்து மனு, பத்திரம், குழு, அரியலூர். மலர்கொடிக்கு வாய் வரைக்கும் வந்த வார்த்தைகளை எல்லாம் எழுதினால் இந்தக் கதையைப் புத்தகத்தில் போடமாட்டார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

வழங்கும் விழா பதினோராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் இருபதடி பேனர். தர்மன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவருக்குக் கீழே குருமூர்த்தி, ராஜராஜன். மூலையில் ஒரு நாய்ப்படம், அதுவும் இன்டர்நெட்டில் எடுத்த வெளிநாட்டு நாய். அதற்கும் கீழே 'பயனாளி: மலர்விழி'. கொடி விழியாகியிருந்தது.

மேடைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தார்கள். மேலே நான்கு, கீழே ஆள் படுக்கலாம் போல நான்கு பெரிய பேஸ் பெட்டிகள். சவுண்ட் சர்வீஸ் கருப்பண்ணன் அவற்றுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். மலர்கொடி அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு வாடகை எவ்வளவுங்க?"

"பதினெட்டாயிரம்க்கா. ஒரு வேளைக்கு. தலைவரு பேசினா மண்டபம் அதிரணும்னு சொல்லிட்டாங்க."

அவள் சிரித்தாள். அது எந்த மாதிரி சிரிப்பு என்று கருப்பண்ணனுக்கு விளங்கவில்லை.

நாயை மேடையில் ஏற்றினார்கள். குறைந்த விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்தக்காரர் கொண்டு வந்தது. தெருவில் பிடித்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருந்தது. அது மேடையில் யாரையும் பார்த்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. தர்மன் சால்வையை மலர்கொடிக்குப் போட்டுவிட்டு, போட்டோவுக்காகக் கழற்றி நாய்க்குப் போட்டார். கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து கொடுத்ததால் போட்டோவில் கயிறு தெரியவில்லை.

அவள் கீழே இறங்கி வந்தபோது முருகையனைக் காணோம். தேடிப் பார்த்தால், மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு பேஸ் பெட்டியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். வரவேற்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொடையில் தாளம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஐந்து மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு. மலர்கொடிக்குக் கண் முட்டியது. நாய் போய் அவன் காலடியில் படுத்தது. அவ்வளவு சத்தத்திலும் அது கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது.

கருப்பண்ணன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏக்கா, இது உங்க நாயா? பெட்டி பக்கத்துல படுத்துத் தூங்குதே! நம்ம குடோனுக்கு மூணு நாய் வளத்தேன்க்கா. சவுண்ட் டெஸ்ட் பண்ணினாலே அரண்டு ஓடிப் போயிருச்சு. வயரைத் திருடன் வெட்டிட்டுப் போறான். இந்த மாதிரி ஒண்ணுதான் நான் தேடிட்டிருக்கேன்."

"தரேன்," என்றாள் மலர்கொடி உடனே. "உங்ககிட்ட பழைய சப் வூஃபர் இருக்கா?"

"வேன்லயே ஒண்ணு கெடக்கு. பத்து இஞ்சு, மரப்பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர். ஒரு முனை ஒடைஞ்சிருக்கும். சத்தத்துல குறை சொல்ல முடியாது."

அவள் வேனுக்குப் போய் விரல்முட்டியால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தாள். கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். பத்திரம் இல்லை, சான்று இல்லை, குழு இல்லை, மைப்பெட்டி இல்லை. "பேச்சு முடியட்டும்க்கா, வண்டியில கட்டிக் குடுத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டாந்து விடறேன்," என்றான் கருப்பண்ணன்.

உள்ளே தர்மன் மைக்கைப் பிடித்துவிட்டார். மலர்கொடி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியோர்களே! ஒரு துணைக் குரைப்பானுக்காக இந்தச் சங்கம் பதினோரு மாதம் உழைத்திருக்கிறது! நாற்பத்தேழு கையெழுத்து! பத்தொன்பது பஸ் பயணம்! வேறு எந்தச் சங்கம் ஒரு நாய்க்கு இவ்வளவு யோசித்திருக்கும்? சிலர் கேட்கிறார்கள், உறுப்பினர் கேட்டதைக் கொடுத்தீர்களா என்று. கேட்டதைக் கொடுக்க ஒரு கடைக்காரனால் முடியும்! நாம் கடைக்காரர்களா? நாம் நிர்வாகம்! உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள். பொருள் வரும், வராமலும் போகும். விதி நிற்கும்! நான் நிற்பேன்!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேஸ் பெட்டிகள் மண்டபத்தை உலுக்கின. முருகையன் முதுகை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, மிகுந்த கவனத்தோடு கேட்டான். அவனைப் பார்த்து முன்வரிசையில் இருந்த சிலர், இந்த ஆள் எப்படி உருகிக் கேட்கிறான் பார் என்று நெகிழ்ந்தார்கள். தர்மனும் பார்த்தார். கைதட்டுக்காகப் பேச்சை நிறுத்தி, இரண்டு கையையும் விரித்து நின்றார். மண்டபம் அமைதியாக இருந்தது.

முருகையன் கண்ணைத் திறந்தான். மனைவியின் காதோரம் சாய்ந்தான். தன்னால் முடிந்தவரை மெதுவாக, ரகசியமாகக் கேட்டான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"மலரு, இவரு பேசுறது எனக்கு நல்லாக் கேக்குது. வெறும் டம்மு டம்முன்னு வருது. நடுவுல வார்த்தை ஏதாச்சும் இருந்துச்சா?"

மலர்கொடி அவன் பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இல்லீங்க. அவ்வளவுதான்."